வைகையில் துடுப்புப் போடும் முன்: படகுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை அடையாற்றங்கரையில், 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் என்ற படகுக் குழு இருக்கிறது. கல்லூரி நாட்களில் அதே ஆற்றில்தான் நான் துடுப்புப் போடப் பழகினேன். மதுரைக்குத் திரும்பிய பிறகு, "தடுப்பணையில தண்ணி நிக்குதே அண்ணே, நாமளும் ஒரு படகுக் குழு ஆரம்பிச்சா என்ன?" என்று தம்பிமார் பலர் கேட்டுவிட்டார்கள். வைகையிலோ ஒரு பெரிய கண்மாயிலோ அனுமதி வாங்கி நம் பிள்ளைகள் துடுப்புப் போடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் பேச்சு தொடங்கியதும் படகு என்ன விலை, ஷெட் எங்கே கட்டலாம் என்றுதான் போகிறது. ஆற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வைகை வறண்ட ஆறு, அது என்ன செய்துவிடும் என்கிற நினைப்புதான் பெரிய தவறு. மதுரையில் வெயில் கொளுத்தும்போதும் ஆற்றில் தண்ணீர் ஏறும். வருசநாட்டு மலையில் பெய்த மழையும் பெரியாற்றிலிருந்து வரும் தண்ணீரும் வைகை அணையில் சேர்கின்றன. அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதன்பின் உபரி நீரைத் திறப்பார்கள். வெள்ளமே இல்லாவிட்டாலும் பாசனத்துக்கும், அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் திறப்பதுண்டு. அதனால் குழுவில் ஒருவருக்கு இதே வேலையாக இருக்க வேண்டும்: தினமும் காலையில் அணையின் நீர்மட்டத்தையும் திறப்பு அளவையும் பார்த்து, "இன்று இறங்கலாம்", "இன்று வேண்டாம்" என்று சொல்வது. அவர் வேண்டாம் என்றால் குழுத் தலைவரும் இறங்கக் கூடாது.

தடுப்பணையை நீச்சல் குளத்தின் சுவர் மாதிரி நினைப்பது அடுத்த தவறு. மதுரையில் ஏ.வி. பாலத்தின் பக்கமோ ஓபுளா படித்துறைப் பக்கமோ, தண்ணீர் நிறைந்து நிற்கும்போது மேல்பக்கம் கண்ணாடி போலத்தான் தெரியும். வழிந்து விழத் தொடங்கிவிட்டால் கதையே வேறு. சுவருக்குக் கீழே விழுந்த நீர் மறுபடி சுவரை நோக்கியே புரளும். அதில் சிக்கிய ஆளும் படகும் அதே இடத்தில் சுழன்றுகொண்டே இருப்பார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளியே வந்துவிடலாம் என்ற உறுதி இல்லை. தடுப்பணைக்கு வெகு தூரம் முன்பே மிதவை கட்டி எல்லை வையுங்கள். தண்ணீர் வழியும் நாளில் படகை எடுக்கவே வேண்டாம். கண்மாயில் மறுகால் பாயும்போதும் இதே விதிதான்.

மணல் அள்ளிய பள்ளங்களும் இருக்கின்றன. முழங்காலளவு தண்ணீரில் நடப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். இந்த விஷயத்தில் வைகை நமக்கு ஒரு உதவி செய்கிறது. கோடையில் தன் படுகையை அப்படியே திறந்து காட்டுகிறது. அப்போது நடந்து போய்ப் பள்ளம், பாறை, கம்பி நீட்டிய கட்டடக் கழிவு எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆற்றுக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது.

துடுப்புப் படகில் உட்காருபவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். பாலத்தின் தூணும் ஆகாயத்தாமரைக் கூட்டமும் குளிக்கிறவர்களும் அவர் கண்ணில் படுவதில்லை. முன்னோக்கி உட்கார்ந்து சுக்கான் பிடிக்க ஆள் இல்லாத படகில், முனையில் இருப்பவர் சில வீச்சுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

"நான் கிணத்துல நீந்திப் பழகுனவன்" என்பார்கள். நம் பக்கத்து ஊர்களில் அது உண்மைதான், நல்ல நீச்சல்தான். ஆனால் கிணற்று நீர் நிற்கிறது, ஆற்று நீர் இழுக்கிறது. ஒருநாள் என் படகு கவிழ்ந்தபோது நானும் கரையைப் பார்த்து நீந்தினேன். பாதியிலேயே கை சோர்ந்துபோனது. துணைப் படகு வந்து சேர்ந்ததால் பிழைத்தேன். கவிழ்ந்த படகு மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஆள் வரும்வரை கிடக்க வேண்டும். இதைக் கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகிய பிறகுதான் யாரையும் நடு ஆற்றுக்கு அனுப்பலாம். படகோடு காலைப் பிணைக்கும் ஷூவிலிருந்து ஒரே இழுப்பில் கால் வெளியே வருகிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதித்து, இருவருமே போன செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்! கயிறு, நீளக் கம்பு, மூடிய காலித் தண்ணீர் கேன், வேட்டி, எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். தூக்கிய பிறகு வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீரை வெளியேற்றுவதில் போகும் ஒவ்வொரு நொடியும் மூளைக்குப் போக வேண்டிய மூச்சு. 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்துங்கள். குழுவில் எல்லாரும் இதற்குப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். சாக்கடை கலக்கும் இடத்தில் ஆறாத புண்ணோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம்.

அப்புறம் பணம். கட்டடத்துக்கு நன்கொடை கேட்பது எளிது, கல்வெட்டில் பெயர் வரும். கயிறுக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் துணைப் படகின் பெட்ரோலுக்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதனால்தான் முதல் வசூலே இவற்றுக்காக இருக்க வேண்டும் என்கிறேன். ஷெட் கட்டத்தான் வேண்டும் என்றால் ஆற்றுப் புறம்போக்கில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்படும்போது போவது ஊரார் காசு.

ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு வசூலிப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், சந்தேகம் வந்தால் குழு உடையும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு செய்து, இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிவிலக்கு தரும் அனுமதி (80ஜி என்பார்கள்) கையில் வராமல் அதைச் சொல்லிப் பணம் கேட்காதீர்கள். கிடைத்த பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு விலக்கு கிடையாது. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி கேட்கப் போனால், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு எண் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். சிங்கப்பூர் மாமா அனுப்பும் பணத்திலும் கவனம் வேண்டும். அவர் இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே வேலை பார்த்தால் பரவாயில்லை, அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது.

கணக்கை எப்படிக் காட்டுவது என்று வெளியே போய்ப் படிக்கத் தேவையில்லை. நம் வீட்டு விசேஷத்தில் மொய் நோட்டு எழுதுகிறோம். 101 ரூபாய் என்றாலும் ஊர், பெயர், தொகை எல்லாம் இருக்கும். அதே மாதிரி வரவை ஒரு பக்கமும், வாங்கிய ஒவ்வொரு கயிற்றையும் ஜாக்கெட்டையும் மறுபக்கமும் எழுதி, மாதா மாதம் படித்துறைப் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அன்றைய அணை நீர்மட்டத்தையும் எழுதி வையுங்கள்.