வண்டி ஓட்டுறவருக்குப் போலரைஸ்டு கண்ணாடி: காசு கொடுக்க முன் பார்க்கவேண்டியவை

கந்தளாய்ப் பக்கமிருந்து விடியக்காலையில் திருகோணமலைக்கு வந்தால் சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். ஒன்பது மணிக்குக் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் கண்ணைக் கூசவைப்பது சூரியன் அல்ல, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். போலரைஸ்டு லென்ஸ் முக்கியமாக வெட்டுவது இந்த இரண்டாவதைத்தான். இது விளங்காமல் வாங்குகிறவர்கள்தான் "இவ்வளவு காசு கொடுத்தும் வித்தியாசம் தெரியவில்லை" என்று குறைப்படுகிறார்கள்.

தண்ணீர், நனைந்த தார் ரோடு போன்ற கிடையான பரப்புகளில் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் கிடையாகவே அதிரும். லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய படலம் அதை மறித்துவிடும். சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை உயரத்தில் நிற்கும்போதுதான் தண்ணீர் மினுக்கம் மிக நன்றாக அடங்கும். நமது ஊரில் அது காலை எட்டரை ஒன்பது மணி, பின்னேரம் மூன்றரை மணியளவு. சூரியன் அதைவிடப் பதிந்து நின்றால் பலன் குறைவு. அந்த நேரத்தில் சன் வைசரை இறக்குங்கள். முன்கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தை உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள். அந்தப் படலம் சிதறவிடும் வெளிச்சத்தை எந்த லென்ஸும் ஒழுங்காக வெட்டாது.

கடையில் முதலில் கண்ணாடிக் காலின் உட்புறத்தைப் பாருங்கள். லென்ஸ் எவ்வளவு இருட்டு என்பதைக் காட்டும் கேட்டகரி இலக்கம் அங்கே இருக்கும். 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 வீதம்தான் உள்ளே வரும். நமது வெயிலுக்கு அதுவே பொருத்தம். மாரியில் மப்பும் வெயிலுமாக இருக்கும் நாட்களுக்கு 2 போதும். 4 வேண்டாம். கார் படத்துக்குக் குறுக்கே கோடு போட்டிருப்பது அந்த வகைக்குத்தான். ரோட்டில் ஓட்ட முடியாத அளவுக்கு இருட்டு. இரவில் 2, 3 இரண்டுமே கூடாது. இரவுக்கென்று விற்கும் மஞ்சள் லென்ஸும் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, பார்வையைக் கூட்டாது.

யூவி 400, அதாவது புறஊதாக் கதிரைத் தடுக்கும் என்று, தனியாக எழுதியிருக்கவேண்டும். போலரைஸ்டு வேறு, யூவி தடுப்பு வேறு. திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளிக்குப் போகும்போது காலை வெயில் ஓட்டுநரின் வலப்பக்க யன்னலால் வரும். முன்கண்ணாடி புறஊதாக் கதிரை அநேகமாக முழுவதுமே தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் காருக்குள் சரியாகக் கறுக்காததற்கும் முன்கண்ணாடியின் அந்தத் தடுப்புத்தான் காரணம்.

நிறத்தில் சாம்பலோ மண்ணிறமோ எடுங்கள். சாம்பல் சிக்னல் நிறங்களை மாற்றாது; மண்ணிறம் பள்ளம் திட்டியைத் தெளிவாகக் காட்டும். நீலம், சிவப்பு, ரோஸ் நிறங்களை விடுங்கள்.

உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று பார்க்கக் கடைக்காரரின் கல்குலேட்டரே போதும். திரையில் இலக்கம் ஒன்றை அடித்து, லென்ஸை அதன்மேல் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகவேண்டும். முழுச் சுற்றிலும் மாற்றமே இல்லையென்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. பிறகு மற்ற லென்ஸையும் பாருங்கள். இரண்டும் ஒரே கோணத்தில் கறுக்காவிட்டால் படலத்தைச் சரிவாக ஒட்டியிருக்கிறார்கள். அதைப் போட்டால் தலையிடிதான். கடைசியாக வாசலுக்கு வந்து, நிற்கும் கார் ஒன்றின் பொனெட்டைப் பார்த்தபடி தலையைச் சரியுங்கள். நேராக இருக்கும்போது மினுக்கம் அடங்கி, சரிக்கும்போது திரும்ப வந்தால் சரி.

வாங்க முன் உங்கள் வண்டியிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரோ போன் திரையோ சில கோணங்களில் கறுக்கும். மற்ற வண்டிகளின் பக்கக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிவது லென்ஸின் பிழையல்ல. சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடியின் இறுக்கம் அப்படித் தெரிகிறது.

கால் அகலமான பிரேம் பக்கத்தில் முந்திவரும் மோட்டார் சைக்கிளை மறைக்கும். மெல்லிய கால் நல்லது. மோட்டார் சைக்கிள்காரருக்கோ கச்சான் காற்றுக் காலத்துப் புழுதிக்கு வளைந்து மூடும் பிரேம்தான் வசதி. ஆனால் அவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: ஈரமும் ஒயிலும் ரோட்டில் மினுங்குவதை வைத்துத்தான் வழுக்குமிடத்தை அறிகிறோம், போலரைஸ்டு லென்ஸ் அந்த மினுக்கத்தையே மறைத்துவிடும். மழை விட்டவுடன் கழற்றிவிட்டு, நிறமில்லாத கண்ணாடியைப் போடுங்கள்.

பவர் போடுகிறவர்கள் பவருடனேயே போலரைஸ்டு லென்ஸ் செய்விக்கலாம். செலவைக் குறைக்க மேலே கொளுவும் கிளிப்பும் உண்டு.

டாஷ்போர்ட்டில் வெயில்பட வைக்காதீர்கள். சூட்டில் படலம் பிரிந்து ஓரத்தில் குமிழி விழும், விழுந்தால் திருத்தமுடியாது. கடற்கரை ஓட்டத்துக்குப் பிறகு சட்டை நுனியால் துடைக்கவும் வேண்டாம். உப்பும் மணலும் லென்ஸைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.