லாயத்துப் பக்கம் திரும்பினால் பறக்கும் குதிரை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை. போகும்போது பசு மாதிரி போகும்; லாயத்துப் பக்கம் திரும்பினால் போதும், தலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். முள் கடிவாளம் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாய் வலித்தால் குதிரை இன்னும்தான் மிரளும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டினேன். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கீறியிருந்தது. அராவி விட்டார். கொள்ளுத் தீனியையும் குறைத்தேன், வேலை இல்லாத குதிரைக்குத் தீனி கூடினால் திமிரும் கூடும்.

அப்புறம் ஒற்றை வார் பயிற்சி. நின்ற இடத்திலேயே ஒரு பக்கக் கடிவாள வாரை மட்டும் மெதுவாக இழுத்து, மூக்கு என் முழங்கால் பக்கம் வரும்வரை பிடிப்பேன். கழுத்து இளகிய நொடியே விட்டுவிடுவேன். அந்த விடுதல்தான் அதற்குப் பரிசு. இரண்டு பக்கமும் படிந்த பிறகே நடையில், பிறகு மெல்லோட்டத்தில். முழு வேகத்தில் வெடுக்கென்று திருப்பினால் கால் பின்னி விழும். அந்த வேகத்தில் ஓடும்போது பெரிய வட்டமாகச் சுற்றி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும்.

கூடவே, லாயத்து வாசலில் வட்டமடிக்க வைத்தேன், தூரத்தில் இறங்கி ஓய்வு கொடுத்தேன். அவசரம் மெல்லக் குறைந்தது. இப்போது தளர்ந்த வாரில் நடந்தே திரும்புகிறது. மயில் குறுக்கே பறந்தால் மட்டும் இன்னும் துள்ளும். அதனால் ஹெல்மெட் இல்லாமல் ஏறுவதில்லை. கால் வைக்கும் வளையமான அங்கவடியில் பாதம் நுழைந்து மாட்டாமலிருக்கக் குதி வைத்த பூட்ஸும் உண்டு.