கிரெஷ் பார்க்கச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்

டர்பனில் குழந்தைக்கு கிரெஷ் (பகல்நேரக் குழந்தைக் காப்பகம்) தேடுகிறவர்கள் மதியம் 12 மணிவாக்கில், சாப்பாட்டு நேரத்தில் போய், ஓர் அறையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் ஆள் நிறைய இருப்பார்கள். மதியம் ஒருவர் சமையலறைக்கும் இன்னொருவர் நாப்பி மாற்றவும் போய்விட, மிச்சம் நிற்பவரிடம் எத்தனை பிள்ளைகள் என்பதுதான் உண்மைக் கணக்கு. தென்னாப்பிரிக்க விதிப்படி ஒரு பெரியவருக்கு 18 மாதம் வரை 6 குழந்தைகள், 3 வயது வரை 12, 3–4 வயதில் 20. கைக்குழந்தை அறையில் இதில் ஒன்று கூடினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் போனால் எதுவும் தெரியாது. தன் வீட்டில் ஆறு பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை. அங்கே, அவருக்கு உடம்பு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.