ஷன்ட் சரி, மாடுலஸ் தப்பு: ஸ்ட்ரெயின் கேஜ் வயரிங்

ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகத்தின் திரிபை மின்தடை மாற்றமாகக் காட்டும் ஒட்டு சென்சார்) தந்த தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. ஃபெடீக் டெஸ்டுக்கு (திரும்பத் திரும்பச் சுமை ஏற்றும் சோதனை) முன் 6061 அலுமினியத் துண்டை மீள் எல்லைக்குள் இழுத்துப் பார்த்தால், 69 வரவேண்டிய மாடுலஸ் (தகைவு ÷ திரிபு) 72 ஜிகாபாஸ்கல் காட்டியது. ஏசி ஓடினால், சுமையில்லாதபோது காட்டும் ஜீரோவும் நகர்ந்தது. லோடு செல் (விசையை அளப்பது), பசை, கேஜ் ஃபேக்டர் (திரிபுக்கு மின்தடை மாறும் விகிதம்) 2.0 எல்லாம் சரி. 59.88 கிலோஓம் ஷன்டுக்கும் (கேஜுக்கு இணையாக வைத்து அளவீட்டைச் சரிபார்க்கும் மின்தடை) கச்சிதமாக 1000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் = 1).

கோளாறே அந்த ஷன்ட் இருந்த இடத்தில்தான். 120 ஓம் கேஜுக்கு இரண்டே வயர்; போக வர 2.5 ஓம். ஷன்ட், கேஜில் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் முனையில் இருந்தால் வயரையும் சேர்த்து 1021 காட்டும். அதை 1000-க்கு இறக்கினால், வயரால் ஏற்கெனவே 2% குறைந்த உணர்திறன் இன்னும் 2% குறைகிறது; திரிபு குறைவாகத் தெரிய, மாடுலஸ் கூடித் தெரிகிறது. செம்பு வயர் 1 டிகிரி சூடானாலே சுமார் 40 மைக்ரோஸ்ட்ரெயின் பொய் நகர்வு.

மூன்றாவது வயரை கேஜ் டேபிலேயே (கேஜின் இணைப்பு முனை) பற்றவைத்து, ஷன்டையும் அந்த டேப்களுக்குக் குறுக்கே வைத்து கெயினை (ஆம்ப்ளிஃபையரின் பெருக்க அளவு) திருத்தினேன். மாடுலஸ் 69, ஜீரோ அசையவில்லை.