ஒரே திட்டாகத் தெரிந்த சீட்களைப் பிரித்த விதம்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அயோடின்-125 சீட் (சுரப்பிக்குள் பதிக்கும் கதிரியக்கத் துகள்) வைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், வீக்கம் வடிந்ததும் சிடி ஸ்கேன் எடுப்போம். ஒவ்வொரு சீடும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சுரப்பிக்கு உண்மையில் எவ்வளவு கதிர்வீச்சு டோஸ் சேர்ந்தது என்று கணக்கிட முடியும். சீட் அரிசி மணியைவிடச் சிறியது: 4.5 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமன்.

எங்கள் மென்பொருள் வைத்த எண்ணிக்கையைவிடக் குறைவாகவே காட்டியது. நெருங்கிக் கிடந்த சீட்கள் ஒரே வெள்ளைத் திட்டாகக் கலந்திருந்தன. எவ்வளவு பிரகாசமானதைச் சீடாக எடுப்பது என்ற வரம்பை உயர்த்தினால் அவை பிரியும். ஆனால் மங்கலாகத் தெரிபவை காணாமல் போய்விடும். அதனால் வரம்பைத் தொடவில்லை. 3 மி.மீ. வெட்டுகளுக்குப் பதில் அதே ஸ்கேனை 1 மி.மீ. வெட்டுகளாக மறுபடி உருவாக்கித் தரச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு திட்டின் கன அளவையும் பார்த்து, ஒற்றைச் சீடைப்போல இரு மடங்கு இருந்தால் அதற்குள் இரண்டு மையங்களைத் தேட, புள்ளிகளை நெருக்கத்தின்படி குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறையை ஓட்டினேன். அநேகமாக எல்லாமே சுத்தமாகப் பிரிந்தன. சீட்களைப்போலவே வெள்ளையாகத் தெரிந்த கால்சியம் படிவுகளைக் கையால் நீக்கினேன்.

அப்போதும் ஒன்று குறைந்தது. கணக்கு நேராக வேண்டும் என்று அதை எங்காவது குறித்துவிடக் கூடாது, டோஸே பொய்யாகிவிடும். மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். சீட் ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போயிருந்தது.