முதல் புத்தக விமர்சனம் எழுதப் போறீங்களா? இப்படி ஆரம்பிங்க

ஒரு புக்கு படிச்சு முடிச்சதும் அதைப் பத்தி எழுதணும்னு கை பரபரக்கும், ஆனா உக்காந்தா ரெண்டு வரிக்கு மேல ஓடாது. "அருமையான நாவல், கண்டிப்பா படிங்க"ன்னு போட்டுட்டு எழுந்துருவோம். இல்லன்னா முழுக் கதையையும் ஒண்ணுவிடாம சொல்லி வச்சிருவோம். நான் முதல்ல எழுதினது ரெண்டாவது ரகம். அதைப் படிச்ச ஃப்ரெண்டு, "கதை தெரிஞ்சிருச்சு, ஆனா உனக்கு ஏன் பிடிச்சுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே"ன்னு கேட்டா. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த முறையைக் கத்துக்கிட்டேன். படிக்கும்போது உங்களுக்குள்ள என்னமோ நடந்துச்சுல்ல, அது எந்தப் பக்கத்துல எந்த வரியில நடந்துச்சுன்னு தேடிப் பிடிக்கிறதுதான் விமர்சனம்.

ஸ்டெப் 1: பென்சிலோட படிங்க

மூணே மூணு குறி போதும். பிடிச்ச இடத்துல ஓரமா ஒரு கோடு, புரியாத இடத்துல கேள்விக்குறி, போரடிச்ச இல்ல எரிச்சல் வந்த இடத்துல பெருக்கல் குறி. ஏன்னு யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, போட்டுட்டு கதையோட போய்க்கிட்டே இருங்க. லைப்ரரி புக்குன்னா துண்டுச் சீட்டு சொருகி வைங்க. கிண்டில்ல ஹைலைட் இருக்கு, ஆனா கை சும்மா இருக்காது, பக்கம் பக்கமா இழுத்து வச்சா அப்புறம் எதையும் தேட முடியாது.

ஸ்டெப் 2: முடிச்ச அன்னைக்கே அரைப் பக்கம்

புக்கை மூடிட்டு, புரட்டிப் பார்க்காம, மனசுல நிக்கிறதை எழுதுங்க. ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர், அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறக்குதுன்னு தன்மேலயே சோதிச்சு 1885ல வெளியிட்டார். மறதி முதல் நாள்லயே ரொம்ப வேகமா நடந்துருது, அப்புறம்தான் மெதுவாகுதுங்கிறது அவர் கண்டது. கதை அந்த மாதிரி அசை இல்ல, அவ்வளவு சீக்கிரம் மறக்காதுதான், ஆனா ஒரு காட்சி கிளப்பின சூடு ரெண்டு நாள்ல ஆறிடும். அதனால அன்னைக்கே எழுதுங்க, இதை யாரும் பார்க்கப் போறதில்ல, இலக்கணம் கிலக்கணம்னு கவலைப்படாதீங்க.

ஸ்டெப் 3: குறி போட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்க

இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணணும். ரெண்டு மூணு நாள் கழிச்சு, கோடு போட்ட இடங்களை மட்டும் மெதுவா படிங்க. ஒரு உதாரணம், நானே எழுதினது:

"தம்பி செத்து மூணாவது நாள். அண்ணன் இன்னும் அழவில்லை. காலையில் தம்பியின் சைக்கிளை வெளியே எடுத்தான். பின்சக்கரத்துக்குக் காற்று அடித்தான். விரலால் அழுத்திப் பார்த்தான். இன்னும் இரண்டு முறை அடித்தான்."

படிச்சதும் வாயில வர்றது "மனசை உலுக்கிருச்சு". சரி, எது உலுக்குச்சு? சோகம், துக்கம்னு ஒரு வார்த்தை இல்ல. அந்த வண்டியை ஓட்ட ஆள் இல்ல, அது அவனுக்கும் தெரியும், அப்படியும் காத்து சரியா இருக்கான்னு அழுத்திப் பார்க்கிறான். உயிரோட இருக்கிற தம்பிக்குப் பார்க்கிற அக்கறை அது. கடைசியில "இன்னும் இரண்டு முறை", அவனால நிறுத்த முடியல. வாக்கியங்களும் குட்டி குட்டியா மூச்சு வாங்கற மாதிரி வருது. இப்போ எழுதுங்க: "துக்கத்தை வாயால சொல்லாம அண்ணனோட கைக்கு ஒரு வேலையா குடுத்திருக்கார்." இந்த வரியை வேற புக்குக்கு அப்படியே ஒட்ட முடியுமான்னு பாருங்க. லேசுல முடியாது. "மனசை உலுக்கிருச்சு"வை எதுக்கு வேணா ஒட்டலாம்.

அதே மாதிரி கதையை யார் சொல்றாங்கன்னும் பாருங்க. வெயின் பூத்ங்கிற அமெரிக்க விமர்சகர் 1961லயே, கதைசொல்லி சொல்றதை எல்லாம் அப்படியே நம்பிட முடியாத கதைகள் இருக்குன்னு சொல்லி அதுக்கு ஒரு பேரும் வச்சார். கதைசொல்லி ஒருத்தரைக் கேவலமா பேசினா, உடனே ஆசிரியர் புத்தியே அப்படித்தான்னு எழுதிடாதீங்க, அந்தப் பேச்சை மீதிக் கதை ஒத்துக்குதா மறுக்குதான்னு பார்த்துட்டு எழுதுங்க.

ஸ்டெப் 4: ஒரே ஒரு வாக்கியம்

இந்தப் புக்கைப் பத்தி நான் சொல்ல வர்றது என்ன? ஒரு வாக்கியத்துல எழுதி நோட்டு மேல வைங்க. அதுக்குச் சம்பந்தமில்லாத குறிப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்த விமர்சனத்துக்கு வேணாம்.

ஸ்டெப் 5: டிராஃப்ட்

தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், எந்த வருஷப் பதிப்புன்னு முதல்ல போட்டுருங்க, பதிப்பு மாறினா பக்க எண்ணும் மாறும். மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்ப்பாளர் பேரை விடவே கூடாது, நீங்க ரசிச்ச நடை அவர் கையால வந்தது. கதையில முதல் கால்வாசி சொன்னா போதும், திருப்பம் வாசகருக்கு இருக்கட்டும். மேற்கோளைப் புக்கைப் பார்த்தே டைப் பண்ணுங்க. நான் ஒரு தடவை ஞாபகத்துல இருந்து எழுதி, ஒரு "இல்லை" விட்டுப்போய், அர்த்தமே தலைகீழாயிருச்சு, அந்த ஆசிரியருக்கு அநியாயம் பண்ணிட்டேனேன்னு ரொம்ப நாள் உறுத்துச்சு.

பெருக்கல் குறி போட்ட இடங்களையும் எழுதுங்க, ஆனா முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க: புக்கு எடுத்துக்கிட்ட வேலையில அது தடுக்கிச்சா, இல்ல நான் எதிர்பார்த்தது வேறயா? மெதுவா போற குடும்பக் கதையில விறுவிறுப்பு இல்லன்னு சொல்றது குறை இல்ல. அதே கதையில எல்லாரும் ஒரே குரல்ல பேசினா அது குறைதான், ரெண்டு வசனத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க.

ஸ்டெப் 6: ஒரு நாள் விட்டு சத்தமா படிங்க

நாக்கு தடுக்குற இடத்துல வாக்கியத்தை உடைங்க. "அருமை", "அற்புதம்" வர்ற இடத்துல எல்லாம் நின்னு, ஸ்டெப் 3ல கண்டுபிடிச்சதை வைங்க, வைக்க ஒண்ணும் இல்லன்னா அந்த வரியையே தூக்கிருங்க. கதாபாத்திரங்களோட பேரை ஒரு தடவை புக்கைப் பார்த்து சரிபார்த்துட்டு போட்டுருங்க.