இரண்டாவது சப்வூஃபர் வாங்கப் போகிறீர்களா?

போன மாதம் ஒரு தம்பி தன் ஸ்விஃப்ட் காரின் டிக்கியைத் திறந்து காட்டினான். உள்ளே 12 இன்ச் சப்வூஃபர் (பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல். "அண்ணா, ஒண்ணு இருந்தப்ப இருந்த அடிகூட இப்ப இல்ல. நாலு பாட்டுக்கு ஒருதடவை ஆம்ப் புரொடெக்ட்ல போயிடுது" என்றான். சுமை தாங்காமல் ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறான். வாங்கிய அட்டைப்பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்துவைத்த அதே வேலை.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 2000 வாட்டை நம்பாதே, ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குகிற பவர்) எவ்வளவு என்று பார் என்பதை எல்லோரும் சொல்லியாயிற்று. அதை விட்டுவிடுகிறேன். ஆர்எம்எஸ் பார்க்கத் தெரிந்தவர்களும் விழுகிற குழிகள் சில உண்டு.

டி2-வா, டி4-ஆ என்று கேட்காமல் வாங்குவது

பவர் அதிகமான சப்வூஃபர்களில் பெரும்பாலும் இரண்டு வாய்ஸ் காயில் (கோனை அசைக்கிற கம்பிச்சுருள்) இருக்கும். ஒரே மாடல் இரண்டு விதமாக வரும். ஓம் என்பது காயில் கரண்டைத் தடுக்கிற அளவு. இரண்டு காயிலும் 2 ஓம் என்றால் டி2, இரண்டும் 4 ஓம் என்றால் டி4. விலை ஒன்று, தோற்றம் ஒன்று. நாம் கேட்காவிட்டால் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதைத் தருவார்.

கணக்கு சின்னதுதான். இரண்டு காயில்களை சீரிஸாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தால் ஓம் கூடும்; பேரலலாக, அதாவது பக்கம்பக்கமாக, இணைத்தால் பாதியாகும். டி2 ஒன்றை வைத்து 4 ஓம் அல்லது 1 ஓம் கொண்டுவரலாம். டி4 ஒன்றில் 8 அல்லது 2. நம் ஊரில் பவருக்காக வாங்குகிற மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்களில் பல, முழு பவரையும் 1 ஓமில்தான் தரும். ஆக, அந்த ஆம்ப்புக்கு ஒரே ஒரு சப் என்றால் டி2. இரண்டு சப் என்றால் டி4; நான்கு காயிலையும் பேரலலாகப் போட்டால் சரியாக 1 ஓம் வந்துவிடும்.

அந்தத் தம்பியைப் போல டி2 இரண்டை வாங்கினால்? 0.5 ஓம், 2 ஓம், 8 ஓம். தலைகீழாக நின்றாலும் 1 ஓம் வராது.

இதில்தான் நான் மாட்டினேன். முதலில் என்னிடம் டி2 ஒன்று இருந்தது. 1 ஓமில் 1000 வாட் தருகிற ஆம்ப்பில் அருமையாக ஓடியது. ஆசை யாரை விட்டது? ஜோடி சேர்க்க, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி அச்சு அசல் அதே சப்பைத் தேடிப் பிடித்தேன். அதே மாதிரி இருக்க வேண்டும் என்று நான் தேடியதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கூட வந்த நண்பன், "எல்லாத்தையும் பேரலல்ல போடு, பிச்சுக்கும்" என்றான். 0.5 ஓம். உண்மையிலேயே பிச்சுக்கிட்டுதான் இருந்தது, பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் பல்லாவரம் சிக்னலில் நிற்கும்போது கருகல் வாசனை. பிரித்துப் பார்த்த மெக்கானிக், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் மொத்தமாகப் போய்விட்டதாகச் சொன்னார். ஓம் பாதியானால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகும். புரொடெக்ட் லைட் எரிந்தபோதெல்லாம் ஆஃப் செய்து ஆன் செய்தவன் நான்தான்; ஆம்ப்பைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் இன்னொருவர் வந்து, ஒவ்வொரு சப்பிலும் ஒரு காயிலை மட்டும் இணைத்தால் 1 ஓம் வரும் என்று யோசனை சொன்னார். வரும். ஆனால் சப் தாங்கும் பவர் பாதியாகிவிடும், கோனை இழுத்துப் பிடிக்கிற சக்தியும் குறைந்துவிடும். பாஸ் தொளதொளவென்று கேட்கும். அதையும் ஒரு வாரம் செய்துபார்த்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் 2 ஓமுக்கு வந்தேன். அந்த ஓமில் ஆம்ப் தருவது 600 வாட். பவர் 1000-இலிருந்து 600-க்கு இறங்கியதில் 2.2 டெசிபல் போச்சு. கோன் இரண்டானதில் 3 டெசிபல் வந்தது. மிச்சம் 0.8 டெசிபல். ஒரு முழு சப், புது பாக்ஸ், ஆம்ப் ரிப்பேர் எல்லாம் சேர்த்துச் செலவழித்து வாங்கியது, காதுக்கே தெரியாத அந்த 0.8 டெசிபல். டி4 ஜோடியாக இருந்திருந்தால் அதே ஆம்ப்பில் முழு 3 டெசிபல் கிடைத்திருக்கும்.

எனவே ஒரு சப்பா இரண்டா, எந்த ஆம்ப் என்பதை முதல் சப் வாங்கும்போதே முடிவுசெய்துவிடுங்கள். கடைக்கு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பெட்டிமேல் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்து, வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். காயில் 4 ஓம் என்றால் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும். 2 ஓம் என்றால் 1.7 பக்கம். எண் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

பாக்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

டிக்கியில் எவ்வளவு இடம் தரமுடியும் என்பதை முதலில் அளங்கள், சப்பை அப்புறம் தேர்ந்தெடுங்கள். வெளியே 40 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி 64 லிட்டர் என்று தோன்றும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் உள்ளே 48 லிட்டர்தான். அதிலும் சப்பின் காந்தம், போர்ட் எல்லாம் இடத்தைத் தின்னும். ரெடிமேட் பாக்ஸில் ஓட்டை 12 இன்ச் இருந்தால் போதும் என்று திருகிவிடுகிறார்கள். அந்த சப்புக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று மேனுவலிலேயே போட்டிருக்கிறது, யாரும் பிரிப்பதில்லை. போர்ட் (காற்று போய்வர விடும் துளை) வைத்த பாக்ஸ் என்றால் இன்னொன்று: போர்ட் டியூன் செய்த அலைவரிசைக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இருக்காது. ஆம்ப்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது) இல்லையென்றால், வாட் எல்லைக்குள் ஓட்டியும் காயில் அடித்து உடையும்.

சென்சிட்டிவிட்டி எண்ணை அப்படியே ஒப்பிடுவது

சென்சிட்டிவிட்டி என்பது குறிப்பிட்ட பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற எண். சிலர் 1 வாட்டுக்கு அளந்து போடுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டுக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்று. 2 ஓம் சப்புக்கு 2.83 வோல்ட் என்றால் 4 வாட். அதாவது சும்மாவே 6 டெசிபல் கூட. எப்படி அளந்தது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆல்டர்னேட்டரை மறப்பது

1000 வாட் ஆம்ப் முழு மூச்சில் ஓடினால் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். அதைத் தர வேண்டியது இன்ஜின் சுற்றுகிற ஆல்டர்னேட்டர். பாட்டு ஓடும்போது சராசரி அதைவிட நன்றாகக் குறையும்தான், ஆனாலும் பாஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் அதுதான் காரணம். கப்பாசிட்டர் வாங்கி மாட்டுவதால் ஆல்டர்னேட்டர் பெரிதாகாது.

செம்பு பூசிய அலுமினிய ஒயர்

ஆம்ப்புக்கு வாங்குகிற ஒயரைக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளை தெரிந்தால் வேண்டாம்.

ஃபியூஸ்

ஆம்ப்புக்குப் போகிற ஒயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். இதில் பேரமே கிடையாது.

கெயினை வால்யூம் என்று நினைப்பது

கெயின் என்பது உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்ப்பை ஒத்துப்போக வைக்கிற திருகு. 1 ஓமில் 1000 வாட் வேண்டுமானால் ஆம்ப் அவுட்புட்டில் 31.6 வோல்ட். டெஸ்ட் டோன் போட்டு, சப்பைக் கழற்றிவிட்டு, மீட்டரில் அந்த எண் வந்ததும் திருகுவதை நிறுத்துங்கள்.

அந்தத் தம்பியின் ஆம்ப் நல்லவேளையாகச் சாகவில்லை. ஒரு சப்பை விற்றுவிட்டு, மிச்சத்தை 1 ஓமில் ஓட்டச் சொன்னேன். அவனுக்கு மனசு வரவில்லை. ரெண்டு இருந்தால்தானே பார்க்க கெத்து என்கிறான். இப்போதைக்கு 2 ஓமில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். புரொடெக்ட் லைட் எரிவதில்லை. அடிதான் இன்னும் வரவில்லை என்று வாரம் ஒருமுறை போன் செய்கிறான்.